டீச்சர், இந்த மே மாதம் யாருடையது?

``உங்களுக்கென்ன டீச்சர், ஒரு மாசம் முழுக்க லீவு!''

ஏப்ரல் கடைசியில் தமிழ்நாட்டில் ஆசிரியர் வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் இந்த வசனத்தைக் குறைந்தது பத்துப் பேரிடமாவது கேட்டிருப்பார்கள். பால் ஊற்றுகிறவர், மாடி வீட்டு அக்கா, பேங்கில் வேலை பார்க்கும் நாத்தனார், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் என்று யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனாலும் அந்தப் பேச்சுக்குள் ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது. டீச்சரின் மே மாதம் சும்மா கிடக்கிற நேரம், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்கிற முடிவு.

கோடை விடுமுறையை ஆசிரியர்கள் எப்படிப் பயன்படுத்தலாம் என்று இணையத்தில் தேடினால் வந்து விழும் பட்டியல்கள் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கின்றன. ஆன்லைன் கோர்ஸ் சேருங்கள், யோகா கற்றுக்கொள்ளுங்கள், தோட்டம் போடுங்கள், புதிய மொழி பழகுங்கள், அடுத்த வருடத்துக்கான பாடத்திட்டத்தை இப்போதே எழுதி முடியுங்கள்... ஒரு பட்டியலைப் படித்து முடிப்பதற்குள் ஜூன் வந்துவிடும்போல. இதை எழுதியவர்கள் யாரும் நம் ஊர் டீச்சரின் மே மாதத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை என்பது மட்டும் தெரிகிறது.

எனவே, முதலில் கையில் எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணிவிடுவோம்.

பொதுத்தேர்வுகள் முடிந்த கையோடு விடைத்தாள் திருத்தும் முகாம் தொடங்கிவிடும். வீடு ஒரு பக்கம், முகாம் இன்னொரு பக்கம். சித்திரை வெயிலில் இரண்டு பஸ் மாறிப் போய், கட்டுக் கட்டாகத் திருத்திவிட்டு வர வேண்டும். மே முதல் வாரத்தையொட்டி பிளஸ் டூ ரிசல்ட் வரும். 2024-ல் மே 6, 2025-ல் மே 8. (அன்று காலை டிஜிட்டல் டெஸ்க்கில் நாங்கள் படும் பாடு தனிக்கதை. அதை இன்னொரு வாரம் சொல்கிறேன்.) ரிசல்ட் வந்ததும் மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், துணைத்தேர்வு எழுத வேண்டிய பிள்ளைகளைத் தேடிப் பிடித்து விண்ணப்பம் போடவைப்பது. அரசுப் பள்ளி என்றால் மாணவர் சேர்க்கைக்காகத் தெருத்தெருவாகப் போக வேண்டும்.

இதற்கு மேல் அரசாங்கத்தின் மற்ற வேலைகள். ஆசிரியர்களைக் கல்வி சாராத பணிகளில் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 27-வது பிரிவு. அதிலேயே மூன்று விதிவிலக்குகளும் இருக்கின்றன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல். தமிழ்நாட்டில் 2021 சட்டமன்றத் தேர்தலின் வாக்குப்பதிவு ஏப்ரல் 6, 2024 நாடாளுமன்றத் தேர்தலின் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. வாக்குச்சாவடியில் மை வைத்த கை யாருடையது என்று யோசித்துப் பாருங்கள். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான வீட்டுப் பட்டியல் பணிக்கும் 2026 ஏப்ரலில் இருந்து செப்டம்பருக்குள் ஒவ்வொரு மாநிலத்திலும் 30 நாள் என்றுதான் குறித்திருக்கிறார்கள்.

இன்னொரு விஷயம் பேங்க் நாத்தனாருக்கு. மற்ற துறைகளில் இருக்கும் அரசு ஊழியருக்கு ஆண்டுக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு கணக்கில் ஏறும். ஆசிரியர்களுக்கு விடுமுறை உண்டு என்பதைக் காரணம் காட்டி அதைவிடக் குறைவாகத்தான் ஏறும். அந்த மே மாதம் இனாமாக வந்ததில்லை.

தனியார் பள்ளி ஆசிரியர்களின் நிலைமை இன்னும் மோசம். மே மாதம் முழுக்க அட்மிஷனுக்கு ஆள் பிடிக்கும் வேலை. ஒரு டீச்சர் இத்தனை பிள்ளைகளைச் சேர்த்துவிட வேண்டும் என்று டார்கெட் வைக்கும் பள்ளிகள் உண்டு. மே மாதச் சம்பளம் கொடுக்காமல், ஜூனில் மறுபடி வேலைக்கு எடுத்துக்கொள்வதுபோலக் கணக்கு முடிக்கும் பள்ளிகளும் உண்டு. அரசுப் பள்ளிகளிலேயே, 2012-ல் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்ட 16,549 பகுதிநேர ஆசிரியர்களின் பல வருடப் போராட்டக் கோரிக்கைகளில் ஒன்று, மே மாதச் சம்பளம். ஓவியமும் தையலும் உடற்பயிற்சியும் சொல்லிக்கொடுத்தவர்கள் மே மாதத்தில் ஜவுளிக்கடைக்கும் கேட்டரிங் வேலைக்கும் போனார்கள். அவர்களிடம் போய் `விடுமுறையைப் பயனுள்ளதாக்குங்கள்' என்று சொல்ல எனக்கு வாய் வராது. கீழே எழுதியிருப்பது, சம்பளத்தோடு ஒரு இருபது இருபத்தைந்து நாளாவது சொந்தமாகக் கிடைக்கிறவர்களுக்கு.

வீட்டில் ஒரு ஒப்பந்தம்

பள்ளிக்கூடம் விட்டுவைத்த அந்த இருபத்தைந்து நாளை வீடு எடுத்துக்கொள்ளும். இதை ஆண் ஆசிரியர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டும், பெண் ஆசிரியர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

என் சித்தி தென்மாவட்டத்தில் நடுநிலைப்பள்ளி ஆசிரியை. அவருடைய மே மாதத்தை நான் சின்ன வயதில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். கூழ் வடகம், மோர் மிளகாய், வருடத்துக்கு வேண்டிய மிளகாய்த்தூள், மாமியாரின் கண் ஆபரேஷன், மகனின் அட்மிஷன், பீரோ ஒழிப்பது, வைகாசி முகூர்த்தங்கள், `லீவுதானே, ரெண்டு நாள் பிள்ளைகளைப் பார்த்துக்க' என்று அனுப்பிவைக்கப்படும் உறவினர் பிள்ளைகள். (அப்படி அனுப்பப்பட்ட பிள்ளைகளில் நானும் ஒருத்தி.) பத்து மாதம் தள்ளிப்போட்ட வீட்டு வேலை எல்லாம் ஒரே மாதத்தில் வரிசையில் வந்து நிற்கும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது சித்தி நிஜமாகவே சந்தோஷமாகக் கிளம்புவார். ஸ்டாஃப் ரூமில் உட்கார ஒரு நாற்காலியாவது இருக்கிறதே!

அதனால், விடுமுறையைத் திட்டமிடுவது என்றால் முதல் வேலை கோர்ஸ் தேடுவது இல்லை. வீட்டில் உட்கார்ந்து பேசுவது. விடுமுறையின் முதல் ஐந்து நாள் எதுவும் செய்யப்போவதில்லை என்று சொல்லிவிடுங்கள். வடகம் ஆறாவது நாள் காயட்டும், வெயில் எங்கேயும் போய்விடாது. அதன் பிறகு தினமும் காலையில் இரண்டு மணி நேரம் உங்களுடையது. அந்த இரண்டு மணி நேரத்தில் சிலிண்டர்காரருக்குக் கதவு திறப்பது வேறொருவர் வேலை. பெரிய சலுகை எதையும் கேட்கவில்லை. பள்ளி நாள்களில் நீங்கள் எட்டரை மணிக்கு பஸ் பிடிக்க ஓடும்போது இந்த வீடு நீங்கள் இல்லாமல்தானே ஓடிக்கொண்டிருந்தது?

இதைப் படிக்கும் `டீச்சர் வீட்டு சார்'களுக்கு ஒரு வேண்டுகோள். இந்தப் பத்தியை வாட்ஸ்அப்பில் மனைவிக்கு அனுப்புவதோடு கடமை முடிந்துவிடவில்லை. மிளகாய் அரைக்க மில்லுக்கு நீங்களும் போகலாம்.

முதலில் தொண்டைக்கு லீவு

ஓய்வு என்றதும் தூக்கம்தான் நினைவுக்கு வரும். ஆசிரியர்களுக்கு அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது, குரல்.

40 பிள்ளைகள் இருக்கும் வகுப்பு. மேலே கடகடவென ஓடும் மின்விசிறி. பக்கத்து வகுப்பில் கோரஸாக வாய்ப்பாடு. வெளியே தண்ணீர் லாரி. இதையெல்லாம் தாண்டி ஒரு நாளைக்கு ஆறேழு பீரியட் பேசுவதுதான் ஆசிரியர் வேலை. 2004-ல் அமெரிக்காவின் அயோவா, யூட்டா மாநிலங்களில் ஆசிரியர்களையும் மற்ற வேலை பார்ப்பவர்களையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியானது. ஆய்வு நடந்த சமயத்தில் குரல் பிரச்னையோடு இருந்த ஆசிரியர்கள் 11 சதவிகிதம், மற்றவர்கள் 6.2 சதவிகிதம். வாழ்க்கையில் எப்போதாவது குரல் பிரச்னை வந்திருக்கிறதா என்ற கேள்விக்கு ஆமாம் என்றவர்கள், ஆசிரியர்களில் 57.7 சதவிகிதம், மற்றவர்களில் 28.8 சதவிகிதம். நம் வகுப்பறைகளின் சத்தத்தில் இந்தக் கதை எப்படி இருக்கும் என்று எந்த ஸ்டாஃப் ரூமில் வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள்.

நடுவில் குரல் கட்டினால் மிளகு, பனங்கற்கண்டு, இருமல் மிட்டாய் என்று சமாளித்துக்கொண்டு மறுநாளும் கத்துவோம். தொண்டைக்கு முழு ஓய்வு கிடைப்பது மே மாதத்தில் மட்டும்தான். நிறைய தண்ணீர் குடிப்பது, சத்தம் போட்டுக் கூப்பிடுவதைத் தவிர்ப்பது, அடிக்கடி தொண்டையைச் செருமாமல் இருப்பது போதும். குரல் கம்மியிருக்கும்போது கிசுகிசுவென்று பேசினால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் தொண்டைக்குச் சிரமம்தான். பேசாமல் இருப்பதே மேல். மூன்று வாரம் தாண்டியும் கரகரப்பு போகவில்லை என்றால், பள்ளி திறக்கும் முன்பே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். ஜூனில் லீவு போட்டுப் போவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். கால் நரம்பு சுருட்டல், குதிகால் வலி இதற்கெல்லாமும் இதே கணக்குதான்.

ஒரே ஒரு பாடம்

சரி, ஓய்வு எடுத்தாயிற்று. அந்தக் காலை இரண்டு மணி நேரத்தில் என்ன செய்யலாம்?

நான் சொல்வது ஒன்றே ஒன்று. போன வருடம் உங்களிடம் சரியாக வராத ஒரே ஒரு பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முழுப் புத்தகமும் வேண்டாம். மூன்று பருவமும் வேண்டாம். ஒரு பாடம்.

கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் ஆசிரியரின் வேலை நேரம் வாரத்துக்கு 45 மணி என்று இருக்கிறது. பாடத்துக்குத் தயாராகும் நேரமும் அதில் அடக்கம். சட்டத்திலேயே `தயாரிப்பு' என்ற சொல் இருக்கிறது, பாருங்கள்! நடைமுறையில் அந்த நேரத்தை எமிஸ் பதிவேற்றமும் புள்ளிவிவரப் படிவங்களும் தின்றுவிடுகின்றன. `இந்தப் பிள்ளைக்கு ஏன் இது புரியவில்லை?' என்று ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து யோசிக்கும் வசதி, ஜூனில் இருந்து ஏப்ரல் வரை எந்த ஆசிரியருக்கும் கிடைப்பதில்லை. மே மாதத்தில் மட்டும்தான் கிடைக்கிறது.

உதாரணத்துக்கு, பின்னக் கூட்டல். இரண்டில் ஒன்றையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், வகுப்பில் பலர் ஐந்தில் இரண்டு என்று எழுதுவார்கள். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டார்கள். நாம் சிவப்பு மையில் குறுக்கே கோடு போட்டுவிட்டு, மீச்சிறு பொது மடங்கு எடுக்கும் முறையை மறுபடி போர்டில் எழுதுவோம். அடுத்த தேர்வில் அதே பிள்ளை அதே தப்பைச் செய்யும். ஏனென்றால், அந்தப் பிள்ளைக்கு ½ என்பது ஓர் எண்ணாகவே தெரியவில்லை. ஒன்றும் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று உட்கார்ந்திருப்பதாகத் தெரிகிறது.

இங்கே முறையைத் திரும்பச் சொல்வதைவிட ஒரு கேள்வி உதவும். பாதி தோசை தட்டில் இருக்கிறது. அதோடு இன்னும் கொஞ்சம் தோசை போடுகிறேன். இப்போது தட்டில் இருப்பது பாதியைவிட அதிகமா, குறைவா? எந்தப் பிள்ளையும் அதிகம் என்றுதான் சொல்லும். ஐந்தில் இரண்டு பாதியைவிடச் சின்னது என்று காட்டிவிட்டால், தன் விடை எங்கேயோ இடிக்கிறது என்று அதற்கே தெரிந்துவிடும். அடுத்து 12 கட்டம் போட்ட ஒரு பேப்பர் பட்டை. பாதி என்றால் 6 கட்டம். மூன்றில் ஒன்று என்றால் 4 கட்டம். மொத்தம் 10 கட்டம். பன்னிரண்டில் பத்து, அதாவது ஆறில் ஐந்து. ஏன் 12 கட்டம், 10 கட்டப் பட்டையில் செய்தால் என்ன ஆகும் என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் போதும். மீச்சிறு பொது மடங்கு தானாகவே வகுப்புக்குள் வந்துவிட்டது.

தசமமும் இப்படித்தான். 0.4 பெரிதா, 0.35 பெரிதா என்று கேட்டால் 0.35 என்பார்கள். 35 நான்கைவிடப் பெரிதுதானே! வீட்டில் இருக்கும் தையல் டேப் போதும். 0.4 மீட்டர் 40 செ.மீ., 0.35 மீட்டர் 35 செ.மீ. டேப்பை விரித்துப் பிடிக்கச் சொன்னால் விஷயம் முடிந்தது.

மொழிப்பாடத்தில் இன்னும் சுவாரஸ்யம். தென்மாவட்டப் பிள்ளை `பளம்', `வாளை' என்று எழுதினால், அது அக்கறையில்லாமல் எழுதியது ஆகாது. வீட்டிலும் தெருவிலும் காதில் விழுகிறபடி எழுதியிருக்கிறது. காது சரியாகத்தான் வேலை செய்கிறது. 20 முறை இம்போசிஷன் எழுதினால் கை வலிக்குமே தவிர, காதுக்குள் ழகரம் வராது. ழகரச் சொற்களைச் சத்தமாக வாசித்துக் காட்டி, வாசிக்கவைத்து, விளையாட்டாக்கி, முதலில் காதுக்குப் பழக்க வேண்டியிருக்கிறது. ஆங்கிலத்தில் `கோ' என்பதன் இறந்தகாலத்தை `கோட்' என்று இழுத்துச் சொல்லும் பிள்ளைக்கு நியாயமாக ஒரு சபாஷ் போட வேண்டும். இறந்தகாலத்துக்கு ஒரு விதி இருக்கிறது என்று தானாகவே கண்டுபிடித்து, அந்த விதியைச் சரியாகப் பயன்படுத்தியிருக்கிறது. ஆங்கிலம்தான் இந்த இடத்தில் விதியை மீறுகிறது.

இப்படி ஒரு பத்து தப்புகளை நோட்டில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் `ஏன் இப்படி எழுதியிருக்கும்?' என்று எழுதிப்பாருங்கள். பழைய தேர்வுத்தாள்களைப் பரணில் போடும் முன் ஒரு புரட்டுப் புரட்டினால் பத்து தப்பு ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடும். சித்தி பல வருடமாக ஒரு 80 பக்க நோட்டில் இதைச் செய்கிறார். அந்த நோட்டு வீட்டில் வேறு யாருக்கும் புரியாது.

கையால் செய்து காட்டும் சாமான்களுக்கு யோசனை வேண்டுமென்றால் அர்விந்த் குப்தாவின் இணையதளத்துக்குப் போங்கள். கான்பூர் ஐ.ஐ.டி-யில் படித்துவிட்டு, தீக்குச்சி, சைக்கிள் வால்வ் டியூப், ஸ்ட்ரா, பழைய செய்தித்தாள் என்று கையில் கிடைப்பதை வைத்தே அறிவியல் சொல்லிக்கொடுத்தவர். 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். செய்முறைகள் எல்லாம் இலவசம். ஒரு பொம்மையாவது வீட்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்துபாருங்கள். உறவினர் பிள்ளைகளை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள் அல்லவா, அவர்களுக்கும் பொழுதுபோகும்.

இந்த வயதில் ஒரு பரீட்சை

பல ஆசிரியர்களுக்கு இந்தக் கோடையில் காலை இரண்டு மணி நேரம் வேறொன்றுக்குப் போய்விடும். அதைப் பேசாமல் இந்த விஷயத்தைத் தாண்ட முடியாது. 2025 செப்டம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை பாடம் எடுப்பவர்களில், ஓய்வுபெற ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருப்பவர்கள் பணியில் தொடர இரண்டு ஆண்டுகளுக்குள் டெட் தேர்ச்சி பெற வேண்டும். ஐந்து ஆண்டுகளுக்குக் குறைவாக இருப்பவர்கள் ஓய்வு வரை தொடரலாம், ஆனால் பதவி உயர்வுக்கு டெட் வேண்டும். சிறுபான்மைப் பள்ளிகள் தொடர்பான கேள்வி பெரிய அமர்வுக்குப் போயிருக்கிறது.

20, 25 வருடம் பாடம் எடுத்தவரைப் பார்த்து, உனக்குப் பாடம் எடுக்கத் தகுதி இருக்கிறதா என்று கேட்பது எவ்வளவு வலிக்கும் என்பது ஸ்டாஃப் ரூம்களுக்குத் தெரியும். அது நியாயமா என்ற விவாதம் நீதிமன்றத்திலும் சங்கங்களிலும் நடக்கட்டும். எனக்குக் கோபம் வருவது வேறு இடத்தில். மகன் நீட் படிக்கிறான் என்றால் வீட்டில் டி.வி. சத்தம் குறைகிறது, நேரத்துக்கு ஹார்லிக்ஸ் வருகிறது. அம்மா டெட் படிக்கிறாள் என்றால் குக்கர் விசில் எண்ணிக்கொண்டே படிக்கிறாள்.

படிக்கிறவர்களுக்கு ஒன்று. 150 கேள்விகளில் 30 கேள்விகள் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் பற்றியவை. பியாஜே, வைகாட்ஸ்கி, கோல்பெர்க் என்று பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். பிள்ளையின் தப்பான விடைக்குப் பின்னால் அதற்கென்று ஒரு யோசனை முறை இருக்கிறது என்பதைத்தான் பியாஜே வாழ்நாள் முழுக்க ஆராய்ந்தார். மேலே சொன்ன தப்பு நோட்டு இருக்கிறதே, அதுவும் அந்த வேலைதான். ஒரு கருத்தைப் படிக்கும்போது உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளையின் முகத்தை அதோடு ஒட்டிவைத்துப் படியுங்கள். 22 வயதில் கைடு வாங்கி மனப்பாடம் செய்கிறவருக்கு அந்த முகங்கள் கிடையாது. மீதிக் கேள்விகளுக்குப் பள்ளிப் பாடப்புத்தகங்கள். அவற்றில் பாதியை நீங்கள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வீர்கள். உங்கள் பாடம் இல்லாத மற்ற பாடங்களில் இருந்து தொடங்குங்கள்.

ஊர் சுற்றலாம், கதை படிக்கலாம்

குடும்பத்தோடு எப்படியும் ஒரு ஊருக்குப் போவீர்கள். போகிற வழியில் பாடப்புத்தகம் எங்கேயாவது எட்டிப் பார்க்கும். கொடைக்கானல் போனால், ஏரியில் படகு ஓட்டிய பிறகு சூரிய ஆய்வுக்கூடத்தையும் ஒரு நடை பார்த்துவிடுங்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதை 1909-ல் ஜான் எவர்ஷெட் கண்டுபிடித்தது இங்கேதான். உலகம் முழுக்க அதை எவர்ஷெட் விளைவு என்று படிக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்குக் கொடைக்கானல் என்றால் ஹோம்மேட் சாக்லேட்.

மதுரைப் பக்கம் போனால் கீழடி அருங்காட்சியகம். 2023 மார்ச்சில் திறந்தார்கள். அங்கே பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் `ஆதன்' போன்ற பெயர்கள் கீறப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். செல்போனில் ஒரு படம் எடுத்துவந்தால், ஜூன் மாதம் உடைந்த மண்சட்டித் துண்டில் ஆணியால் தங்கள் பெயரைக் கீறச் சொல்லி ஒரு பீரியட்டைக் கொண்டாட்டமாக்கலாம். பெயரைக் கீறுகிற பிள்ளைக்கு, எதற்காக ஒருவர் தன் பானையில் பெயர் எழுதுவார் என்ற கேள்வியும் கூடவே வரும். எவர்சில்வர் குடத்தில் அம்மா பெயர் வெட்டியிருப்பது அப்போது யாருக்காவது நினைவுக்கு வரலாம்.

படிக்க? கல்வி பற்றிய கனமான புத்தகங்களை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். குஜராத்தின் கிஜுபாய் பதேக்கா எழுதிய `பகல் கனவு' மெலிந்த புத்தகம்தான். நான்காம் வகுப்பை ஒரு வருடம் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் ஓர் ஆசிரியர், பாடத்தை விட்டுவிட்டுக் கதை சொல்ல ஆரம்பிக்கிறார். மற்ற ஆசிரியர்கள் சிரிக்கிறார்கள். அவருடைய சொதப்பல்களும் அதில் இருப்பதால் நம்பும்படி இருக்கிறது. இரா.நடராசனின் `ஆயிஷா' ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். முடித்த பிறகு தூக்கம் வராது, அதனால் பகலில் படியுங்கள். ச.மாடசாமியின் `என் சிவப்பு பால்பாயின்ட் பேனா', விடைத்தாள் திருத்தி முடித்த கையோடு படிக்க வேண்டியது.

நான்காவது, ஜப்பானின் டெட்சுகோ குரோயனாகி எழுதிய `டோட்டோ சான்'. முதல் பள்ளியில் இருந்து அனுப்பப்பட்ட சிறுமி, ரயில் பெட்டிகளை வகுப்பறையாக்கிய ஒரு பள்ளிக்கு வருகிறாள். தலைமையாசிரியர் கோபயாஷி அவளை உட்காரவைத்து, உனக்குப் பேச வேண்டியதை எல்லாம் பேசு என்கிறார். அவள் நான்கு மணி நேரம் பேசுகிறாள். அவர் ஒரு முறைகூடக் கொட்டாவி விடாமல் கேட்கிறார். புத்தகத்தைப் படித்த எல்லா ஆசிரியர்களும் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விட்டு, `நம்ம வகுப்பில் இதெல்லாம் நடக்குமா' என்பார்கள்.

நான்கு மணி நேரம் நடக்காது. மே கடைசி வாரத்தில் இதற்கு ஒரு கணக்குப் போடலாம். அதற்கு முன், பள்ளி திறக்கும் தேதியை உறுதிசெய்துகொள்ளுங்கள். 2023-ல் வெயிலால் தள்ளிப்போய்த் தள்ளிப்போய் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்புக்கு ஜூன் 12, சின்ன வகுப்புகளுக்கு ஜூன் 14 என்று ஆனது. 2024-ல் ஜூன் 10. 2025-ல் ஜூன் 2-ம் தேதியே திறந்துவிட்டார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் வரும் ஃபார்வேர்டை நம்பாமல், துறையின் அறிவிப்பைப் பாருங்கள்.

இப்போது கணக்கு. வகுப்பில் 40 பிள்ளைகள், ஆளுக்கு 4 நிமிடம் என்றால் 160 நிமிடம். 40 நிமிட பீரியட் நான்கு. முதல் வாரத்தில் எப்படியும் புத்தகம் வழங்குவது, சீருடை அளவு, பிரிட்ஜ் கோர்ஸ் என்று நாள்கள் ஓடும். அதில் நான்கு பீரியட்டை ஒதுக்கிவைத்து, மற்றவர்களுக்குப் படம் வரைய ஏதாவது கொடுத்துவிட்டு, ஒவ்வொருவராகப் பக்கத்தில் கூப்பிட்டு லீவில் என்ன செய்தாய் என்று மட்டும் கேட்கலாம். ஒருவன் செங்கல் சூளைக்குப் போயிருப்பான். ஒருத்தி தம்பியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருவன் ஆச்சி ஊரில் நீச்சல் கற்றிருப்பான். தப்பு நோட்டின் பின்பக்கத்தில் ஆளுக்கு ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள், 40 வரி, இரண்டு பக்கம். நோட்டு புதிதாக வாங்குவதாக இருந்தால் மே மாதமே வாங்கிவிடுங்கள். ஜூன் முதல் வாரத்தில் ஸ்டேஷனரிக் கடைகளில் கால் வைக்க முடியாது.